1965 மாடல் எம்ஜிபி காருக்கு ஆயில் பிரஷர் எச்சரிக்கை விளக்கு: வண்ணார்பேட்டைப் பட்டறை ஒன்றின் வேலைத்தரம்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பைபாஸ் சாலையை ஒட்டிய தெருவொன்றில் இருக்கும் சிறிய ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறையில், என்னிடமுள்ள 1965 மாடல் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆயில் பிரஷர் எச்சரிக்கை விளக்கு பொருத்தி வாங்கினேன். ஒரு பல்பு, ஒரு சுவிட்ச், சில மீட்டர் ஒயர் என்று கேட்பதற்கு மிகச் சிறிய வேலைதான். ஆனால் இதே வேலையை அரைகுறையாகச் செய்துவிட்டால் எரிய வேண்டிய நேரத்தில் விளக்கு எரியாது. எரியவில்லை என்பது எஞ்சின் இறுகி நின்ற பிறகுதான் நமக்குத் தெரியவரும். நெல்லைப் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் இப்படிப்பட்ட வேலைக்கு மதுரைக்கோ சென்னைக்கோ வண்டியை ஏற்றி அனுப்புவதை வழக்கமாக வைத்திருக்கிறார்கள். அது தேவையில்லை என்பதே என் கருத்து. அந்தக் கருத்துக்கு என்ன காரணம் என்பதையும், எனக்கு மனக்குறையாகத் தோன்றிய இரண்டொரு விஷயங்களையும் விரிவாகவே எழுதுகிறேன்.

எம்ஜிபி என்றதும் இப்போது ஷோரூம்களில் விற்கும் எம்ஜி வண்டிகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான கார். என்னுடையது மேல்மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டக்கூடிய இரண்டு இருக்கை வகை. இதன் 1798 சிசி எஞ்சின் பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ் வரிசையைச் சேர்ந்தது. நம் ஊர்ச் சாலைகளில் பல்லாண்டு ஓடிய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் அதே குடும்பம்தான். அம்பாசடர் பார்த்துக் கை பழகிய மெக்கானிக்குகளுக்கு இந்த எஞ்சினைத் திறந்து காட்டினால் அந்நியமாகத் தோன்றாது என்பது இந்தக் காரை இங்கே வைத்துப் பராமரிப்பதில் உள்ள பெரிய வசதி.

இந்த மாடலில் ஆயில் பிரஷருக்கு விளக்கு கிடையாது. மீட்டர் மட்டுமே உண்டு. ஒரே முகப்பில் ஒரு பாதி தண்ணீரின் சூட்டையும் மறுபாதி ஆயிலின் அழுத்தத்தையும் காட்டும். எஞ்சினிலிருந்து ஆயிலே ஒரு மெல்லிய குழாய் வழியாக டேஷ்போர்டு வரை வந்து முள்ளைத் தள்ளுகிறது. மின்சாரத்துக்கு அதில் வேலையே இல்லை. மீட்டர் நல்ல மீட்டர்தான். விளக்கு சொல்லாத பலவற்றை அது சொல்லும்: காலையில் குளிர்ந்த ஆயிலில் முள் எவ்வளவு உயரம் ஏறுகிறது, மதியச் சூட்டில் எவ்வளவு இறங்குகிறது, போன மாதத்தைவிட இந்த மாதம் இறங்கியிருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துக்கொண்டே வரலாம். அதற்குள்ள ஒரே குறை, நாம் பார்த்தால்தான் சொல்லும் என்பது. ஆயில் குழாய் ஒன்று விட்டுப்போனாலோ, அடியில் கல் தட்டி ஆயில் முழுதும் கொட்டிப்போனாலோ, கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகள் தாங்கும் நேரம் மிகக் குறைவு. அந்தச் சிறு நேரத்துக்குள் கண் தற்செயலாக அந்தச் சின்ன முள்ளின் மேல் போய் விழ வேண்டும்.

மூடிய காரில் எஞ்சினின் சத்தம் மாறுவதைக் காதாவது பிடித்துவிடும். திறந்த காரில், அதிலும் நாங்குநேரி தாண்டிப் பணகுடி, காவல்கிணறு பக்கம் ஆடி மாதக் காற்றில் ஓட்டும்போது, பக்கத்து இருக்கையில் இருப்பவர் பேசுவதே கேட்காது. ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து இறங்கும் காற்று காற்றாலைகளைச் சுழற்றுவதோடு நிற்காமல் ஸ்டீயரிங்கையும் பிடித்து இழுக்கும். கண் சாலையிலும் கை சக்கரத்திலும் இருக்கும் அந்த நேரத்தில், கண்ணின் ஓரத்தில் சுரீரென்று சிவப்பாக ஒன்று எரிந்தால்தான் எனக்கு உறைக்கும். ஆகவே மீட்டரை எடுக்காமல், அதனோடு சேர்த்து ஒரு விளக்கும் வேண்டும் என்று கேட்டேன்.

பட்டறையை நடத்துபவர் நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒரு தம்பி. தொழிலைத் தன் அப்பாவிடம் கற்றிருக்கிறார்; அப்பா அம்பாசடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு காலத்து எலக்ட்ரீசியன். பானெட்டைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. "அண்ணாச்சி, இதுல பாடி பாசிட்டிவா நெகட்டிவா? பழைய இங்கிலீஷ் வண்டில்லா, மாத்திக் கெடக்கும்" என்றார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பாடியில் சுரண்டிய ஓரிடத்திலும் சிவப்பு முனையை ஃபியூஸ் பெட்டியிலும் வைத்தார். திரையில் 12-க்கு முன்னால் மைனஸ் குறி வந்தது. இருக்கைகளுக்குப் பின்னால் தளத்துக்கு அடியில் இருக்கும் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளையும் மூடியைத் தூக்கிப் பார்த்து, எந்த முனை பாடிக்குப் போகிறது என்பதைக் கண்ணாலும் உறுதிசெய்துகொண்டார். 1967-இல் வந்த இரண்டாம் வரிசைக்கு முந்தைய எம்ஜிபிகள் எல்லாமே பாசிட்டிவ் எர்த் உடையவை, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்தவை. இடையில் யாராவது நெகட்டிவுக்கு மாற்றியும் இருக்கலாம் என்பதால், மாடலைச் சொல்லி முடிவுசெய்யாமல் வண்டியையே கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் முறை. அதை அவர் செய்தார்.

இந்தக் கேள்வி விளக்கைத் தேர்வுசெய்வதில் வந்து முட்டுகிறது. இழை பல்புக்குப் பாசிட்டிவ் எந்தப் பக்கம் என்ற கவலை இல்லை. எப்படிக் கொடுத்தாலும் எரியும். எல்இடி அப்படியில்லை. பாசிட்டிவ் எர்த் வண்டியில் ஃபியூஸ் பெட்டியிலிருந்து வருவது நெகட்டிவ். ஆயில் சுவிட்ச் வழியாக பாடியிலிருந்து வருவது பாசிட்டிவ். கடையில் வாங்கும் எல்இடி விளக்கின் சிவப்பு ஒயரை வழக்கம்போல ஃபியூஸ் பக்கம் கொடுத்தால் அது எரியவே எரியாது. மாற்றிக் கொடுத்தால் எரியும். எல்இடி வெயிலில் நன்றாகத் தெரியும், சூடாகாது, இழை அறுந்து போகாது என்பதெல்லாம் உண்மைதான். இருந்தாலும் பின்னொரு நாள் யாராவது இந்த வண்டியை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினால் விளக்கு சத்தமில்லாமல் செத்துக் கிடக்கும் என்று அவர் எடுத்துச் சொன்னபோது எனக்கும் அது சரியாகப் பட்டது. 12 வோல்ட், 2.2 வாட் திருகு பல்பு போட்டோம். அக்காலத்து டேஷ்போர்டு விளக்குகள் பலவற்றில் இருப்பதும் அதே பல்புதான். அது இழுக்கும் மின்னோட்டம் கால் ஆம்பியருக்கும் குறைவு.

இங்கே விளக்கின் ஹோல்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாதாரணமாக டேஷ்போர்டு விளக்குக்கு ஒரு ஒயர் மட்டும் வரும். மறுமுனை ஹோல்டரின் உடல் வழியாகவே பாடியைத் தொட்டுவிடும். ஆயில் விளக்குக்கு அது ஆகாது. இதில் மின்சாரம் சாவி சுவிட்ச், ஃபியூஸ், பல்பு, ஆயில் சுவிட்ச், எஞ்சின் பிளாக் என்ற வரிசையில் ஒரே சரமாகப் போக வேண்டும். பல்பு பாடியைத் தொட்டுவிட்டால் ஆயில் சுவிட்சுக்கு வேலையே இல்லாமல் போய், சாவியைத் திருப்பியது முதல் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். ஆகவே உடலைத் தொடாத, இரண்டு முனை உள்ள ஹோல்டர்தான் தேவை. நான் வாங்கிப் போன குரோமிய வளையம் போட்ட விளக்கில் ஒரு முனை உடலோடு சேர்ந்திருந்தது. அதை அவர் மல்டிமீட்டரில் சோதித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, ஜங்ஷன் பக்கம் ஒரு ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் என்று சொல்லி வேறு வாங்கிவரச் செய்தார்.

மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் அவர் அவசரப்படவில்லை. பலர் இக்னிஷன் காயிலின் முனையிலிருந்து ஒரு ஒயரை இழுத்துவிடுவார்கள். கைக்கு எட்டும் இடம் என்பதே காரணம். அங்கே ஃபியூஸ் இல்லை. அந்த ஒயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் எஞ்சினே நின்றுவிடும். அந்தக் காலத்து எம்ஜிபியில் மொத்தமே இரண்டு ஃபியூஸ்கள்தான். இரண்டும் 35 ஆம்பியர். ஒன்று ஹாரன் முதலியவற்றுக்கு எப்போதும் மின்சாரம் கொடுப்பது. மற்றது சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் பச்சை ஒயர்களுக்கானது. அவர் அந்தப் பச்சை ஒயர்களின் முனையிலிருந்து எடுத்தார். 35 ஆம்பியர் ஃபியூஸ் இந்த மெல்லிய ஒயரைக் காப்பாற்றாது, அது எரிந்து அறுவதற்குள் ஒயர் பழுத்துவிடும் என்பதால், முனையிலிருந்து ஒரு சாண் தூரத்திலேயே 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைத் தனி ஹோல்டரில் போட்டார். இதை நான் கேட்கவில்லை, அவராகவே செய்தது.

இனி ஆயில் சுவிட்ச். இந்த வேலையில் சிந்திக்க வேண்டிய இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். விளக்குக்கான சுவிட்ச் அழுத்தம் இல்லாதபோது மூடியிருக்கும். ஆயில் உள்ளே வந்து தகட்டைத் தள்ளியதும் திறந்துகொள்ளும். எந்த அழுத்தத்தில் திறக்கும் என்பதே கேள்வி. டயருக்குக் காற்று அடிக்கும்போது நாம் சொல்லும் பவுண்டுக் கணக்கிலேயே சொல்வதானால், சாதாரணக் கார்களின் சுவிட்ச் ஏறத்தாழ 3 முதல் 7 பவுண்டுக்குள் திறந்துவிடும். எம்ஜிபியின் கையேடு சொல்லும் அளவு, ஓட்டத்தில் 50 முதல் 80 பவுண்டு வரை, ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது, 10 முதல் 25 பவுண்டு வரை. நெடுஞ்சாலையில் 60 பவுண்டு இருக்க வேண்டிய இடத்தில் அழுத்தம் 10 பவுண்டுக்கு விழுந்துவிட்டால் பேரிங் அப்போதே உரசத் தொடங்கியிருக்கும்; ஆனால் 5 பவுண்டு சுவிட்ச் அப்போது மூடாது, விளக்கும் எரியாது. விளக்கு எரியும்போது எஞ்சினைப் பிரிக்கும் வேலைதான் மிச்சமிருக்கும். இதற்காகவே பந்தயக் கார்களுக்கு 20 பவுண்டு சுவிட்சுகள் விற்கிறார்கள். அதில் வேறொரு தொல்லை. சூடான ஐடிலிங்கில் நல்ல எஞ்சினுக்கே 20 பவுண்டுக்குக் கீழே இறங்கும் என்பதால், நின்றுகொண்டிருக்கும்போதெல்லாம் விளக்கு மினுங்கும்.

இரண்டு வகைச் சுவிட்சையும் மேசைமேல் வைத்து அவர் என்னிடம் சொன்னது: "பெருசப் போட்டா மேம்பாலத்துக்குக் கீழ வெயில்ல நிக்கயில லைட்டு மினுங்கத்தான் செய்யும், அண்ணாச்சி. அதப் பாத்து நீங்க பயப்படக் கூடாது. பழகிப்போயி கண்டுக்கிடாமலும் விட்ரக் கூடாது. அதுக்குச் சம்மதம்னா போடுதேன்." வாடிக்கையாளரிடம் ஒரு பொருளின் குறையை மாட்டுவதற்கு முன்பே சொல்லிச் சம்மதம் கேட்கிற இந்தப் பழக்கத்துக்காகவே நான் அந்தப் பட்டறைக்கு மறுபடியும் போவேன். நான் 20 பவுண்டைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஐடிலிங்கில் மினுங்கி, ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டதும் அணைந்தால் அது சூட்டின் விளைவு; கால் ஆக்ஸிலரேட்டரில் இருக்கும்போது எரிந்தால் அந்தக் கணமே சாவியை அணைக்க வேண்டும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு 20 பவுண்டு சுவிட்சே நல்லது. வீட்டில் பலரும் எடுத்து ஓட்டும் வண்டி என்றால் சாதாரணச் சுவிட்சைப் போட்டுவிடுவது மேல்; எரிந்தால் நிறுத்து என்ற ஒரே விதி போதும்.

சுவிட்சின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை அவர் நம்பவில்லை. டயர் வால்வின் பித்தளைக் கழுத்தைப் பற்றவைத்த ஒரு சிறிய இணைப்பு அவரிடம் இருக்கிறது. அதில் சுவிட்சைத் திருகி, காலால் மிதிக்கும் காற்றுப் பம்பின் குழாயை வால்வில் மாட்டினார். மல்டிமீட்டரின் ஒரு முனை சுவிட்சில் ஒயர் மாட்டும் இடத்தில், மறுமுனை அதன் உடலில். இணைப்பு இருக்கும்வரை மீட்டர் கீச்சென்று ஒலித்துக்கொண்டிருந்தது. மெல்ல மெல்ல மிதித்தார். பம்பின் முள் 10-ஐத் தாண்டியது, 15-ஐத் தாண்டியது, ஒலி நிற்கவில்லை. 20-ஐக் கடந்து ஒரு கோடு போனதும் சட்டென்று நின்றது. பிறகு வால்வின் ஊசியை நகத்தால் அழுத்திக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். 18-க்குப் பக்கத்தில் ஒலி திரும்ப வந்தது. ஏறும்போது திறக்கும் அளவும் இறங்கும்போது மூடும் அளவும் ஒன்றாக இருக்காது என்பதும், நமக்கு வேண்டியது இறங்கும் அளவுதான் என்பதும் அந்தச் சோதனையில் கண்ணெதிரே தெரிந்தது. இதையே அவர் திரும்பத் திரும்பச் செய்து, முள் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே இடத்தில் நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் சுவிட்சைத் துடைத்துத் தனியே வைத்தார். சோதனைக்குக் கூலி எதுவும் கேட்கவில்லை. பெரிய நகரங்களில் பழைய கார்களுக்கென்றே இருக்கும் இடங்களிலும் இப்படி ஒரு சோதனையை நான் பார்த்ததில்லை.

மீட்டரையும் வைத்துக்கொண்டு விளக்கையும் சேர்க்க வேண்டும் என்றால் ஆயில் வரும் வழியில் மூன்று வாய் உள்ள இணைப்பு ஒன்று வேண்டும். நம் ஊரில் கிடைக்கும் பித்தளை இணைப்புகள் பெரும்பாலும் பிரிட்டிஷ் குழாய் மரையில் வருபவை. வாங்கிய சுவிட்சோ அமெரிக்கக் குழாய் மரை உடையது. எட்டில் ஒரு பங்கு அங்குல அளவில் முதலாவதற்கு அங்குலத்துக்கு 28 மரை, இரண்டாவதற்கு 27. மரையின் கோணமும் 55 பாகை, 60 பாகை என்று வேறுபடும். ஒன்றை மற்றொன்றில் திருகினால் முதல் சுற்று இணங்கிப் போகும், அப்புறம் இறுகும், இறுகியதால் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் பல் பதிந்திருக்காது. ஆயில் சூடாகி அழுத்தம் ஏறியதும் அங்கிருந்து கசியும், இல்லையென்றால் ஒரு நாள் அப்படியே பிடுங்கிக்கொண்டு போகும். எஞ்சினைக் காப்பதற்காகப் போட்ட இணைப்பே எஞ்சினை அழித்த கதையாகிவிடும். மரை அளக்கும் சீப்புத் தகட்டை வைத்துப் பார்த்து இதைக் கண்டுபிடித்தவரும் அவரே. கையில் உள்ளதை அடித்துத் திருகாமல், பேட்டைப் பக்கம் தனக்குப் பழக்கமான லேத் பட்டறைக்கு அளவு கொடுத்து அனுப்பி, இரண்டு வாயில் ஒரு மரையும் மூன்றாவது வாயில் மற்ற மரையுமாகப் பித்தளையில் ஒரு கட்டையைக் கடைந்து வரவழைத்தார். அதை நான் வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மரையின் ஓரங்களில் பிசிறு இல்லை.

அந்தக் கட்டையை எஞ்சின் பிளாக்கிலேயே நேரடியாகத் திருகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பித்தளைக் கட்டை, அதன் மேல் சுவிட்ச், அதிலிருந்து மீட்டர் குழாய் என்று எல்லாப் பாரமும் ஒரு சின்ன மரைக் கழுத்தில் தொங்கினால், நாலு சிலிண்டர் எஞ்சினின் அதிர்வில் அந்தக் கழுத்து நாளடைவில் விரிசல் விட்டு ஒடியும். அதனால் பிளாக்கிலிருந்து வளையும் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து, கட்டையை எஞ்சினுக்குப் பின்னால் உள்ள இரும்புச் சுவரில் ரப்பர் வைத்த கிளாம்பால் பிடித்தார். இப்படிச் செய்யும்போது பலரும் கோட்டைவிடும் ஒன்று உண்டு. சுவிட்சுக்கு ஒரே முனைதான். மறுமுனை அதன் உடல், உடலின் வழியாக எஞ்சின். இப்போது உடலுக்கும் எஞ்சினுக்கும் இடையில் குழாய் வந்துவிட்டது, கிளாம்பிலோ ரப்பர் இருக்கிறது. எர்த் அறுந்துபோயிற்று. ஆயில் இல்லாவிட்டாலும் விளக்கு எரியாது. அவர் கட்டையில் ஒரு சிறிய திருகுத் துளையும் போட்டு வாங்கியிருந்தார். அதிலிருந்து கறுப்பு ஒயர் ஒன்றை வளைய லக் போட்டு எஞ்சின் போல்ட்டுக்குக் கொண்டுபோனார். போல்ட்டின் அடியில் இருந்த பெயின்டைச் சுரண்டிப் பளபளப்பாக்கிய பிறகே லக்கை வைத்து இறுக்கினார். மரைகளில் டெஃப்லான் டேப்பைச் சுற்றித் தள்ளாமல், திரவ சீலன்ட்டைப் பற்களின் நடுவில் மட்டும் மெல்லியதாகத் தடவியதற்கும் இதே காரணம்தான்: நுனியில் தடவினால் ஆயிலில் கலந்து போகும், மொத்தமும் மூடினால் உலோகத்தை உலோகம் தொடாமல் போகும்.

ஒயர் இழுத்த விதத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. 1 சதுர மில்லிமீட்டர் வண்டி ஒயர். வீட்டுக்கு இழுக்கும் ஒயர் கிடையாது. இரும்புச் சுவரைக் கடக்கும் துளையில் ரப்பர் குரோமெட், லக்குகளை ஒயர் முனையில் அழுத்திப் பிடித்து அதன்மேல் சூட்டில் சுருங்கும் ஸ்லீவ், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு எட்டாத பாதை என்று எல்லாம் முறையாக இருந்தன. என் மனக்குறை நிறத்தைப் பற்றியது. பழைய இங்கிலீஷ் கார்களுக்கு மின்பாகங்கள் செய்த லூகாஸ் நிறுவனத்தின் நிறமுறையில் ஆயில் விளக்கிலிருந்து சுவிட்சுக்குப் போகும் ஒயர் வெள்ளையில் பழுப்புக் கோடு போட்டது. பச்சை என்றால் சாவிக்குப் பின் ஃபியூஸ் வழி வருவது, கறுப்பு என்றால் எர்த், பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேரே வருவது என்று நாற்பது ஆண்டு கழித்துப் பானெட்டைத் திறப்பவருக்கும் வண்டி தன்னைத் தானே விளக்கிச் சொல்லும் ஏற்பாடு அது. சென்னையின் பாடி என்ற பகுதியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் காலத்திலிருந்து நம் எலக்ட்ரீசியன்களுக்கும் லூகாஸ் என்ற பெயர் புதிதில்லை. தம்பியின் அப்பாவுக்கு அந்த நிறங்கள் மனப்பாடம். ஆனால் கையில் இருந்தது சிவப்பு என்று சொல்லி முழு நீளத்துக்கும் சிவப்பையே இழுத்திருந்தார். நான் வலியுறுத்திய பிறகு இரு முனைகளிலும் வெள்ளையும் பழுப்புமாக ஸ்லீவ் போட்டு, ஒரு சீட்டில் வரைபடம் எழுதிக் கொடுத்தார். வேலை செய்யும் விதத்தில் இது எதையும் மாற்றாது. இருந்தாலும் இவ்வளவு கவனமாகச் செய்யும் ஒருவர் நிறத்தில் மட்டும் கை தளர்ந்தது எனக்கு வருத்தமே.

விளக்கு வைக்கும் இடத்தில் அவர் சொன்னதை மறுத்து நான் சொன்னபடி வைத்தேன். டேஷ்போர்டின் நடுவில் வைத்தால் பார்க்க ஒழுங்காக இருக்கும் என்றார். திறந்த காரில் மேல்வெயில் நேரே சிவப்புக் கண்ணாடியில் விழும். எரிகிறதா எரியவில்லையா என்று சொல்லவே முடியாது. டேஷ்போர்டின் மேல் விளிம்புக்கு அடியில், நிழல் படும் இடத்தில், ஸ்டீயரிங்கின் மேல் வளைவுக்குள் தெரியும்படி சிறிய தகடு ஒன்றில் வைக்கச் சொன்னேன். அசல் டேஷ்போர்டில் துளை போடாமல் தப்பித்ததும் இதில் கிடைத்த லாபம்.

எல்லாம் முடிந்த பிறகு அவர் சோதித்த வரிசை சரியானது. முதலில் சுவிட்சின் முனையிலிருந்து ஒயரைக் கழற்றிச் சாவியைப் போட்டார். விளக்கு எரியக் கூடாது, எரியவில்லை. அந்த ஒயரை எஞ்சினில் தொட்டார், எரிந்தது. சுவிட்சில் மாட்டினார், எரிந்தது. அதன்பின் காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, எஞ்சின் பிடிக்காதபடி ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட்டார். புதுக் குழாயில் இருந்த காற்று வெளியேறி, மீட்டர் முள் தயங்கித் தயங்கி ஏறி, விளக்கு ஒரு முறை மங்கி அணைந்தது. அதற்குப் பிறகுதான் காயிலை மாட்டி எஞ்சினை ஓடவிட்டார். இணைப்புகள் ஒவ்வொன்றிலும் வெள்ளைக் காகிதத்தை ஒற்றி எடுத்துக் கசிவு பார்த்தார். எனக்கும் ஒன்றை அழுத்திச் சொன்னார்: ஒவ்வொரு முறை சாவி போடும்போதும் விளக்கு எரிகிறதா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். விளக்கிலிருந்து சுவிட்சுக்குப் போகும் ஒயர் உரசி பாடியைத் தொட்டால் விளக்கு எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒயர் அறுந்தாலோ பல்பு போனாலோ எந்தக் குறியும் தெரியாது. சாவி போட்டதும் வரும் அந்த ஒரு நொடிச் சிவப்புதான் அதற்கான ஒரே சோதனை.

கோடையில் ஓட்டிப் பார்த்த வரையில் அவர் சொன்னது அப்படியே நடக்கிறது. 20டபிள்யூ-50 ஆயில்தான் போடுகிறேன். அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டை மார்க்கெட் நெரிசலில் நகர்ந்து வந்து நிற்கும்போது முள் 18-க்கும் 20-க்கும் நடுவில் ஆட, விளக்கும் மினுங்குகிறது. ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் அணைகிறது. பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும் மலைச்சாலையில் ஒரு நீண்ட வளைவில் கண நேரம் மின்னி மறைந்தது. இறங்கிக் குச்சியை எடுத்துப் பார்த்தபோது ஆயில் கீழ்க்கோட்டை நெருங்கியிருந்தது. வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்க, பம்பின் வாய்க்கு எட்டாமல் போயிருக்கிறது. மேல்கோடு வரை ஊற்றிய பிறகு அதே வளைவில் எரியவில்லை. மீட்டர் மட்டும் இருந்திருந்தால் மலைவளைவில் அந்த முள்ளின் துள்ளலை நான் பார்த்திருக்கவே முடியாது. இந்த ஒன்றுக்காகவே செலவழித்த பணம் தகும்.

பஸ்ஸர் ஒன்றும் சேர்க்கலாமா என்று கேட்டார். விளக்குக்கு இணையாக மாட்டினால் போதும், ஆனால் அதற்கும் பாசிட்டிவ் நெகட்டிவ் உண்டு. ஐடிலிங்கில் மினுங்கும் சுவிட்சோடு பஸ்ஸர் சேர்ந்தால் சிக்னலில் நிற்பது நரகமாகிவிடும் என்பதால் வேண்டாம் என்றேன். 5 பவுண்டு சுவிட்ச் போடுபவர்கள் தாராளமாகச் சேர்க்கலாம்.

பட்டறையின் குறைகள் என்று சொன்னால், முதலாவது நேரம். லேத்திலிருந்து கட்டை வரும்வரை வண்டி அசையாமல் நின்றது. எப்போது வரும் என்று போனில் கேட்டால் எடுப்பதில்லை, நேரில்தான் போக வேண்டும். இரண்டாவது இடம். உள்ளே ஒரு வண்டிக்குத்தான் நிழல் உண்டு. மற்றவை தெருவில் வெயிலில் நிற்கும். மேல்மூடி கிழிந்த வண்டி என்றால் கையோடு ஒரு தார்ப்பாய் கொண்டுபோவது நல்லது. மூன்றாவது, பில்லில் "ஆயில் லைட் ஒயரிங்" என்று ஒரே வரியில் மொத்தத் தொகை மட்டும் எழுதித் தருகிறார். பொருள் தனி, கூலி தனி, லேத் செலவு தனி என்று எழுதினால் அடுத்தவருக்குச் சொல்ல உதவியாக இருக்கும். 20 பவுண்டு சுவிட்சை நான் வெளியிலிருந்து வரவழைத்துக் கொடுத்தேன். அதை நீக்கிவிட்டால் லேத் வேலையும் சேர்த்து மொத்தம் 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. செய்த வேலைக்கு இது குறைவு என்றே நினைக்கிறேன்.

இந்த வேலைக்காகப் போகிறவர்கள் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் நல்லது. சூடான பிளாக்கில் பழைய இணைப்பைக் கழற்ற அவர் சம்மதிப்பதில்லை. சுவிட்சை முன்கூட்டியே வாங்குவதானால் அதன் மரை அளவும் அது திறக்கும் அழுத்தமும் எழுதிய அட்டையை எறிந்துவிடாமல் கையோடு எடுத்துச் செல்லவும். வண்டி பாசிட்டிவ் எர்த்திலிருந்து நெகட்டிவுக்கு மாற்றப்பட்டது என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடலாம். எப்படியும் அவர் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துக்கொள்வார். ஒயர் நிறத்தை மட்டும் வேலை தொடங்கும் முன்பே சொல்லி, வெள்ளையில் பழுப்புக் கோடு போட்டது வேண்டும் என்று வாங்கிக்கொள்ளவும்.